மரம் கழிக்கிற வேலைக்கு வண்டியும் சாமானும்: பெங்களூரில் புதிதாக இறங்குபவர்களுக்கு

இந்தத் தொழிலில் இறங்கும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிக்கப் வாங்கலாம்?" என்றுதான். அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. கழித்த தழையை எங்கே கொட்டப் போகிறீர்கள்? நீங்கள் ஏற்றப் போகும் கட்டைகளில் பெரியது எத்தனை கிலோ? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் வண்டி கிட்டத்தட்ட முடிவாகிவிடும். பதில் இல்லாமல் ஷோரூமுக்குப் போனால், விற்பவர் சொல்லும் வண்டிதான் உங்கள் வண்டி.

மிஷின் வாளை ஸ்டார்ட் செய்வது, சங்கிலி மாட்டுவது, கிளையை மூன்று வெட்டில் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: கட்டையின் எடையைக் கணக்குப் போடுங்கள்

டேப்பும் போனில் கால்குலேட்டரும் போதும். கட்டையின் விட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.08-ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு மீட்டர் நீளத்துக்கான எடை, கிலோவில். பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துப் போடும் கணக்கு இது. சில மரங்கள் இதைவிட லேசாக இருக்கும், ஆனால் கூடுதலாகக் கணக்குப் போட்டவர் யாரும் கெட்டுப்போனதில்லை.

30 செமீ கட்டை மீட்டருக்கு 72 கிலோ. 40 செமீ என்றால் 128. 60 செமீ தூங்குமூஞ்சி அடிமரம் 288. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். "கொஞ்சம்தான் பெரிசு, ரெண்டு பேர் பிடிச்சா ஏத்திடலாம்" என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இந்த இடத்தில்தான்.

படி 2: வண்டி

தழையும் கட்டையும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும், வண்டியைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு சரக்கு. தழை ஏற்றினால் பாடி நிறைந்துவிடும், எடை பாதிகூட ஏறியிருக்காது. கட்டை ஏற்றினால் பாடி காலியாகவே தெரியும், ஆனால் அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டா நேராகிவிட்டிருக்கும். புதியவர்கள் தவறுவது இந்த இரண்டாவதில்தான். கண்ணுக்கு "இன்னும் இடம் இருக்கே" என்று தோன்றும்.

அதனால் வண்டிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆர்சியில் மொத்த எடையும் காலி எடையும் தனித்தனியாக இருக்கும். முதலதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அதிலிருந்து டிரைவர், உதவியாள், வாள், கயிறு, எரிபொருள் ஆகியவற்றுக்கு 190 கிலோ கழியுங்கள். மிச்சம்தான் மரத்துக்கு. அடுக்கிய பச்சைக் கட்டை, இடைவெளியும் சேர்த்து, கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ வரும்.

குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் வகை: சுமார் 750 கிலோ ஏற்றலாம், பாடி ஏறக்குறைய 2.2 க்கு 1.5 மீட்டர். அந்த 190-ஐக் கழித்துக் கணக்குப் போட்டால் கட்டையை 25 செமீ உயரத்துக்குத்தான் அடுக்க முடியும். பக்கப் பலகையே 30 செமீ. பலகை நிறையும் முன்பே எடை முடிந்துவிடுகிறது.

தோஸ்த், இன்ட்ரா வி30 வகை, 1.25 முதல் 1.3 டன்: சுமார் 40 செமீ.

பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் வகை: சுமார் 50 செமீ.

பாடியின் உள்பக்கம் இந்த உயரத்தில் சிவப்பு பெயின்டால் கோடு போடுங்கள். கட்டை கோட்டைத் தாண்டக் கூடாது, தழை தாண்டலாம். முதல் லோடை மட்டும் வே பிரிட்ஜில் நிறுத்தி எடை பார்த்து, கோட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். சிறிய செலவு அது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. கிளை பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000.

என் தேர்வு: அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் போன்ற சந்துகளில் வீட்டு மரம் மட்டும் கழிக்கிறீர்கள் என்றால் குட்டி யானை. இரண்டு நடை போனாலும் பரவாயில்லை, பெரிய வண்டி அந்தச் சந்தில் திரும்பாது. அடிமரம் எடுக்கும் வேலை வாரம் ஒன்றாவது வரும் என்றால் 1.3 டன் வண்டி. 1.7 டன் வண்டி முதல் வருடத்தில் வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் பெர்மிட் கட்டாயமில்லை. 1.7 டன் வண்டிகள் அந்த வரம்பைத் தாண்டிவிடும், பெர்மிட் வேலையும் சேர்ந்துகொள்ளும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 7,500 கிலோ வரை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது.

ஆட்களைப் பின்னால் ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், அதுவும் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். ஆள் நான்கு ஐந்து பேர் என்றால் இரட்டை கேபின் உள்ள பொலேரோ கேம்பரைப் பாருங்கள், அல்லது ஆட்கள் பைக்கில் வரட்டும்.

படி 3: ஏற்றுவது

கிரேன் கூப்பிடும் முன் இதை முயன்று பாருங்கள். 8 அடி நீளமுள்ள இரண்டு கெட்டியான மரப் பலகைகள், 16 மிமீ கயிறு இரண்டு.

பக்கப் பலகையைக் கீழே இறக்கி, இரண்டு பலகைகளையும் பாடியிலிருந்து தரைக்குச் சாய்த்து வையுங்கள். மேல்முனை நழுவாமல் கொக்கியோ போல்ட்டோ இருக்க வேண்டும். கயிறுகளின் ஒரு முனையைப் பாடியிலேயே, பலகைகளின் மேல்முனைக்குப் பக்கத்தில் கட்டுங்கள். கயிறு பலகை வழியாகக் கீழே வந்து, கட்டைக்கு அடியில் போய், வெளிப்புறமாகச் சுற்றி, கட்டையின் மேல் வழியாகத் திரும்பப் பாடிக்குப் போக வேண்டும். இழுப்பவர்கள் வண்டியின் அந்தப் பக்கம் நின்று இழுப்பார்கள், கட்டை உருண்டு ஏறும்.

கணக்கு: பாடி உயரம் 80 செமீ, பலகை 2.4 மீட்டர் என்றால் சரிவில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இழுக்க வேண்டும். கயிறு சுற்றி வருவதால் அதுவும் பாதியாகிறது. 250 கிலோ கட்டைக்கு 42 கிலோ அளவு இழுப்பு, உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தாராளமாக இழுக்கலாம். மூன்றாவது ஆள் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வரவேண்டும். கட்டைக்குக் கீழ்ப்பக்கம், பலகைகளுக்கு நேராக, யாரும் நிற்கக் கூடாது.

கனமான கட்டை கேபின் பக்கம், நீளவாக்கில், அடியில். கனம் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். தழை மேலே, அதற்கு மேல் தார்ப்பாய், ரேட்செட் பெல்ட் இரண்டு. தார்ப்பாயைத் தாங்க கம்பிக் கூண்டு வெல்டிங் செய்வதானால் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். நிரந்தரமாக ஒட்டினால் வண்டியை மாற்றியமைத்ததாக எஃப்சி (தகுதிச் சான்று) சோதனையில் நிறுத்துவார்கள், கூண்டின் எடையும் ஒவ்வொரு நடையும் உங்கள் லோடிலிருந்து கழியும்.

படி 4: வாள்

ஒன்று வாங்கினால் 16 அங்குல பார் உள்ள சிறிய மிஷின், ஸ்டில் எம்எஸ் 180 அல்லது அதற்கு நிகரான ஹஸ்க்வர்னா. இரண்டாவது, அடிமரத்துக்கு, 45 சிசி அளவில் 18 அங்குலம். 58 சிசி என்று மலிவாக வரும் பெயரில்லா மிஷின்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அறுக்கும், ஆனால் செயின் பிரேக்கை நம்ப முடியாது, கார்புரேட்டர் உதிரி கிடைக்காது. பாரின் நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும், அந்த நேரத்தில் உங்களைக் காப்பது பிரேக் மட்டுமே.

சங்கிலி வாங்க எஸ்பி ரோடுக்குப் போகும்போது "16 அங்குலச் சங்கிலி" என்று மட்டும் கேட்காதீர்கள். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கேஜ் (பாரின் காடியில் ஓடும் கண்ணியின் தடிப்பு), கண்ணி எண்ணிக்கை மூன்றும் வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும், உதாரணமாக 3/8 பிக்கோ, 1.3 மிமீ, 55 கண்ணி. இந்தச் சங்கிலிக்கு அரம் 4 மிமீ. 0.325 பிட்ச்சுக்கு 4.8 மிமீ. பெரிய அரத்தால் தேய்த்தால் பல் கூர்மையாகத் தெரியும், வெட்டாது. வாளிலிருந்து சீவலாக வராமல் மாவாக வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, அழுத்தி அறுக்காதீர்கள்.

இந்த ஊர் சாலை மரங்களில் ஆணியும் கம்பியும் நிறைய. விளம்பரப் பலகை அடித்த ஆணி, சீரியல் லைட் கட்டிய கம்பி, மரம் சிறுசாக இருந்தபோது வைத்து பிறகு மரமே விழுங்கிவிட்ட கூண்டு. நெஞ்சு உயரத்துக்குக் கீழே அறுக்கும் முன் பலமான காந்தம் ஒன்றைப் பட்டை மேல் தடவிப் பாருங்கள். ஆழமாகப் புதைந்ததைக் காந்தம் காட்டாது, பட்டையில் வீங்கிய வளையம் காட்டிக்கொடுக்கும்.

படி 5: கயிறும் பெல்ட்டும்

அதிக ஆபத்து இங்கேதான், மக்கள் குறைவாகச் செலவு செய்வதும் இங்கேதான்.

ஆள் ஏறும் கயிறும் கட்டை இறக்கும் கயிறும் வேறு வேறாக இருக்கட்டும். நிறம் மாற்றி வாங்குங்கள், ஒன்று மற்றதன் வேலைக்குப் போகவே கூடாது. ஏற 12 அல்லது 13 மிமீ, அதிகம் இழுபடாத வகை. இறக்க 16 மிமீ பாலியெஸ்டர். நைலான் ரப்பர் போல நீளும், கட்டை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு தழை கட்ட மட்டும். கிளையில் உரசிச் சூடானால் உருகி அறுந்துவிடும்.

லேபிளில் உள்ள அறுபடும் எடையைப் பத்தால் வகுங்கள். 4,000 கிலோ என்று போட்டிருந்தால் உங்களுக்கு 400. முடிச்சு போட்டாலே பலம் கணிசமாகக் குறைகிறது. அதோடு ஒரு மீட்டர் விழுந்து கயிற்றைப் பிடிக்கும் கட்டை தன் எடையைப் போல் பல மடங்கு விசையோடு இழுக்கும். படி 1-இன் கணக்கு இங்கே திரும்ப வேண்டும்: 128 கிலோ கட்டையா, பாதியாக அறுத்து இறக்குங்கள். கீழே நிற்பவர் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்த முயலக் கூடாது. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, மெதுவாக விட்டுக்கொண்டே இறக்க வேண்டும்.

பெல்ட் வாங்கும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கட்டட வேலைக்கு விற்கும் ஃபுல் பாடி ஹார்னஸில் ஐஎஸ் 3521 முத்திரை இருக்கும், தரமும் சரியாகவே இருக்கும். ஆனால் வளையம் முதுகில் இருக்கும். அது விழுந்தால் பிடிக்கத்தான். மரத்தில் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வாளைப் பிடிக்க இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் வேண்டும். அது இல்லாத பெல்ட்டில் ஏறுபவர் ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் வாளை இயக்குவார். கடையில் "சைடு டி ரிங்" என்று கேட்டு வாங்குங்கள். அந்த வளையங்களில் மாட்டி மரத்தைச் சுற்றும் கயிறு உள்ளே எஃகுக் கம்பி உள்ளதாக இருக்கட்டும், சாதாரணக் கயிற்றை வாள் தொட்டவுடன் அறுத்துவிடும்.

எந்தக் கிளையில் கயிறு போடுவது? குல்மோஹர் (செம்மயிற்கொன்றை), ஆப்பிரிக்க துலிப், சில்வர் ஓக் ஆகிய மூன்றிலும் கிளையை நம்பாதீர்கள், கவை பருமனாக இருந்தாலும் சொல்லாமல் முறியும். சில்வர் ஓக் அறுத்தால் சிலருக்குத் தோல் தடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

படி 6: அனுமதியும் கரண்டும்

கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-இன்படி, சொந்த வீட்டு மரமானாலும், பெரும்பாலான வகைகளை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் விண்ணப்பம் போகட்டும், எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள். அடிமரத்தை ஓசூர் பக்கம் விற்கலாம் என்று நினைத்தால், அந்த மர வகைக்கு வனத்துறைச் சீட்டு வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நின்று கேட்பது காலதாமதம்.

மின்கம்பியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்க முடியாத வேலை என்றால் பெஸ்காமில் சொல்லி லைனை நிறுத்தியபிறகே ஏறுங்கள். நீளக் கம்பு வாள் வாங்கினால் ஃபைபர் கம்பு வாங்குங்கள், அலுமினியம் வேண்டாம். ஃபைபர் என்பதற்காக ஓடும் லைனில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை, ஈரமானால் அதுவும் கடத்தும்.

பின்சேர்க்கை 1

வண்டியில் கயிறு கட்டி மரத்தை இழுத்துச் சாய்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். காலி பிக்கப்பின் பின்சக்கரத்தில் எடையே இல்லை, இழுத்தால் சுழலும். மரம் மறுபக்கம் சாயத் தொடங்கினால் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். கை வின்ச் ஒன்றை வேறொரு மரத்தின் அடியில் கட்டி இழுங்கள், கயிறு மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2

ஒரு வாரம் ஓட்டாமல் வைத்தால் மிஷின் ஸ்டார்ட் ஆவதில்லை என்ற புகார் நிறைய வருகிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது இ20 பெட்ரோல். அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் ரப்பரையும் கெடுக்கும். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலென்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி, சாதாரண ஆயிலென்றால் 200 மில்லி. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, மிஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சங்கிலிக்குப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், அதிலுள்ள இரும்புத் துகள் பம்பைத் தின்றுவிடும்.