ஆல்பர்ட்டியின் முறையில் ஒரு கட்டத் தளம்: மறுமலர்ச்சிக் கால பெர்ஸ்பெக்டிவை வரைந்து பழகுவோம்

இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் பழைய கிரேக்க, ரோமானிய அறிவு மீண்டும் உயிர்பெற்றது என்று சொல்கிறார்கள். அந்த அறிவு ஓவியரின் கையில் பெர்ஸ்பெக்டிவாக, அதாவது தட்டையான தாளில் ஆழத்தையும் தொலைவையும் காட்டும் முறையாக, எப்படி மாறியது என்பதை ஒரு ஸ்கேலையும் பென்சிலையும் கொண்டு நாமே வரைந்து பார்த்துவிட முடியும். கி.மு. 300ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், கண்ணையும் பொருளையும் நேர்கோடுகளால் இணைத்து, தொலைவில் உள்ளது ஏன் சிறியதாகத் தெரிகிறது என்பதை வடிவியலால் விளக்கினார். பதினோராம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஒளியியலைத் திருத்தி விரிவாக்கினார். அவருடைய நூலும் லத்தீன் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, அந்நகரின் ஞானஸ்நானக் கூடத்தை ஒரு சிறு பலகையில் வரைந்து, பலகையில் துளையிட்டு, பின்புறமிருந்து அத்துளை வழியே எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்கும்படி செய்தார். அந்தப் பலகை இன்று இல்லை. முறையை எழுத்தில் வைத்தவர் லியோன் பத்தீஸ்தா ஆல்பர்ட்டி. 1435, 1436ஆம் ஆண்டுகளில் ஓவியக் கலை பற்றி லத்தீனிலும் இத்தாலியத்திலும் அவர் எழுதிய நூலில் உள்ள முறையைத்தான், நம் தாளுக்கு ஏற்ற அளவுகளில், இங்கே படிப்படியாகச் செய்யப்போகிறோம்.

தேவையானவை: இரண்டு ஏ4 தாள்கள், 30 செ.மீ. ஸ்கேல், கூராகச் சீவிய பென்சில், ஒரு மூலைமட்டம்.

படி 1: சட்டகம்

தாளை அகலவாக்கில் வைத்து, இடப்பக்கம் 1 செ.மீ. மட்டும் விட்டு, 18 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட செவ்வகம் வரையுங்கள். வலப்பக்கம் கிடைக்கும் வெற்றிடம் பின்னால் தேவைப்படும். இந்தச் செவ்வகத்தை, வெளியே உள்ளதைப் பார்க்கும் திறந்த சாளரமாகக் கருதுவதாக ஆல்பர்ட்டி எழுதுகிறார்.

படி 2: மனிதனை அளவுகோலாக்குதல்

சட்டகத்தின் அடிக்கோட்டில் நிற்கும் ஒரு மனிதனின் உயரத்தை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர உயரமுள்ள மனிதன் மூன்று பிராச்சியோ இருப்பான் என்பது ஆல்பர்ட்டியின் கணக்கு. பிராச்சியோ என்பது அக்கால ஃபுளோரன்ஸில் வழங்கிய கை அளவு. ஆகவே நமக்கு ஒரு பிராச்சியோ 2 செ.மீ. அடிக்கோட்டை 2 செ.மீ. வீதம் ஒன்பது பகுதிகளாகப் பிரித்துக் குறியிடுங்கள்.

படி 3: மையப்புள்ளி

அடிக்கோட்டின் நடுவிலிருந்து நேர்மேலே 6 செ.மீ. உயரத்தில், அதாவது அந்த மனிதனின் கண்மட்டத்தில், ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியாகப் படுக்கைக்கோடு ஒன்றை வலப்பக்கத் தாள் விளிம்புவரை மெல்லியதாக இழுங்கள். இரு மூலைகளையும் சேர்த்து அடிக்கோட்டில் உள்ள பத்துக் குறிகளையும் மையப்புள்ளியோடு இணைத்துவிடுங்கள்.

பெர்ஸ்பெக்டிவ் என்றாலே, கோடுகள் எல்லாம் கூடும் இந்த மையப்புள்ளியை, அதாவது மறைபுள்ளியைத்தான் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது சற்று மிகையாகவே படுகிறது. சியெனா ஓவியர் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1344இல் தீட்டிய, மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் மங்கள வார்த்தை ஓவியத்திலேயே தளத்தின் கோடுகள் ஒரே புள்ளியை நோக்கிச் சென்றுவிட்டன. அடிக்கோட்டுக்கு இணையாக வரும் குறுக்குக் கோடுகளை எந்த இடைவெளியில் போடுவது என்பதே கடினமான கேள்வி. ஆல்பர்ட்டியின் பெருமை அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: குறுக்குக் கோடுகள்

அக்கால ஓவியர்கள் சிலர், ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கைக்கணக்கைப் பின்பற்றினார்கள்; இது பிழை என்று ஆல்பர்ட்டி கண்டிக்கிறார். நம் படத்தின் அளவில் முதல் இடைவெளி சுமார் 6.7 மி.மீ. வரும். அதிலிருந்து மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொண்டே போனால், எத்தனை ஆயிரம் வரிசைகள் போட்டாலும் மொத்தம் 20 மி.மீ.ஐத் தாண்டாது, கண்மட்டமோ 60 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. எல்லையின்றி நீள வேண்டிய தளம் பாதி வழிகூட வராமல் நின்றுவிடும்.

சரியான இடைவெளியைப் பெற, இரண்டாவது தாளில் இதே காட்சியைப் பக்கவாட்டிலிருந்து வரைய வேண்டும். 28 செ.மீ. நீளத்தில் ஒரு தரைக்கோடு இழுங்கள். அதன் இடது முனையிலிருந்து நேர்மேலே 6 செ.மீ.இல் ஒரு புள்ளி வையுங்கள். இது பார்ப்பவரின் கண். இடது முனையிலிருந்து 16 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். இது பக்கவாட்டில் தெரியும் நம் சட்டகம். அதற்கு வலப்பக்கம் தரைக்கோட்டில் 2 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு குறிகள் இட்டு, ஒவ்வொன்றையும் கண்புள்ளியோடு இணையுங்கள். இந்தக் கோடுகள் செங்குத்துக் கோட்டை வெட்டும் உயரங்கள் கீழிருந்து 6.7, 12, 16.4, 20, 23.1, 25.7 மி.மீ. என்று வர வேண்டும். அரை மி.மீ. முன்பின் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் விலகினால் செங்குத்துக் கோட்டை மூலைமட்டத்தால் சரிபாருங்கள்.

யூக்ளிடின் பார்வைக் கோடுகள்தாம் இவை. அவற்றைச் செங்குத்தாக ஓரிடத்தில் வெட்டினால் ஓவியம் கிடைக்கும் என்பதே புதிதாகச் சேர்ந்தது. அந்த உயரங்களை ஒரு தாள் துண்டின் விளிம்பில் குறித்தெடுத்து, சட்டகத்தின் இரு பக்கங்களுக்கும் மாற்றி, ஆறு குறுக்குக் கோடுகளையும் இழுங்கள்.

படி 5: மூலைவிட்டச் சோதனை

சட்டகத்தின் இடது கீழ் மூலையில் ஸ்கேலை வைத்து, ஆறாவது குறுக்குக் கோடும், மூலைக்கோட்டையும் சேர்த்து இடமிருந்து ஏழாவதாக வரும் சாய்கோடும் சந்திக்கும் இடத்தோடு இணையுங்கள். இடையிலுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றின் மூலைவழியாகவும் அந்தக் கோடு நேராகச் சென்றால் தளம் சரி. ஆல்பர்ட்டியே தந்த சோதனை இது. மூன்றில் இரண்டு கணக்கில் வரைந்த தளத்தில் இந்த மூலைகள் வளைந்து போகும். கோட்டை வலப்பக்க வெற்றிடத்துக்கு நீட்டினால், மையப்புள்ளியிலிருந்து 16 செ.மீ. தள்ளிக் கண்மட்டக் கோட்டைத் தொடும். பக்கவாட்டுப் படத்தில் கண்ணுக்கும் சட்டகத்துக்கும் நாம் வைத்த அதே தொலைவு!

படி 6: மனிதர்களை நிறுத்துதல்

தளத்தில் எங்கே நின்றாலும், அதே உயரமுள்ள மனிதனின் தலை கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும்; பாதம் மட்டும் மேலேறும். நான்காவது குறுக்குக் கோட்டில் நிற்பவனுக்கு 40 மி.மீ. உயரம் கிடைக்கும். அங்கே ஒரு கட்டத்தின் அகலம் 13.3 மி.மீ. மூன்று கட்டங்களைக் கூட்டினாலும் அதே 40 வருகிறது.

படம் முடிந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை மையப்புள்ளிக்கு நேராக 16 செ.மீ. தொலைவில் வைத்துப் பாருங்கள். புருனெல்லெஸ்கி துளையிட்டதன் காரணம் விளங்கும்.

பிறகு அச்சுப் படங்களின் மேல் டிரேசிங் தாளை வைத்து, கோடுகளை நீட்டிப் பழகலாம். மிலானில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ 1495 முதல் 1498 வரை தீட்டிய இறுதி இராவுணவு ஓவியத்தில், மேற்கூரைக் கட்டங்களின் கோடுகள் இயேசுவின் வலது நெற்றிப்பொட்டருகே கூடுகின்றன. சுவரில் அங்கே ஆணி அடித்த துளையும் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி தரையில் நிற்பவரின் தலைக்கு வெகு மேலே உள்ளதால், உணவுக்கூடத்துக்குள் நிற்கும் எவர் கண்ணும் அந்த மட்டத்துக்கு எட்டாது. ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயச் சுவரில் மசாச்சோ சுமார் 1427இல் தீட்டிய திரித்துவ ஓவியத்திலோ, மையப்புள்ளி சிலுவையின் அடியில், நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. தொடக்கநிலையினர் மசாச்சோவிடமிருந்தே தொடங்கலாம்.