கேபிள் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அண்ணா, புது பவர் சப்ளையோட கேபிள் எட்டல, உங்க பழைய சாட்டா கேபிள் ஒண்ணு குடுங்களேன்" என்றான். பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அவன் கேட்டது அதிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிளை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபேனைத் திருப்பி மாட்டுவது, ஸ்க்ரூவைத் தொலைப்பது மாதிரி சின்னத் தப்பெல்லாம் நாலு முறை செய்தால் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். கேபிள் விஷயம் அப்படி இல்லை.

பழைய கேபிள், புது சப்ளை

கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் சப்ளையில், ஹார்ட் டிஸ்க் பக்கத்து முனை எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். சப்ளை பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதியே கிடையாது. எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது தயாரித்தவர் இஷ்டம், ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே மாறியிருக்கும். ஆனால் பிளாஸ்டிக் முனையை மட்டும் பல பேர் ஒரே மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், டக்கென்று போய் உட்காரும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நான் சப்ளை மாற்றியபோது, பழைய கேபிள்களைக் கேபினட்டுக்குள் டை போட்டு அழகாகக் கட்டியிருந்ததால், அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே புதியதில் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை. 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 போய், ஒரே கேபிளில் தொங்கிய இரண்டு டிஸ்க்கும் அவுட். ஒன்றில் வீட்டுப் போட்டோக்கள், மற்றதில் அவற்றின் பேக்கப்! ஒன்றின் போர்டில் ஷார்ட் ஆகியிருந்த டிவிஎஸ் டையோடை (அதிக வோல்ட் வந்தால் தன் மேல் வாங்கிக்கொள்ளும் காவல் பாகம்) எடுத்ததும் டிஸ்க் சுற்றியது, அவசர அவசரமாக எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். இன்னொன்று போனது போனதுதான்.

சப்ளை மாற்றினால் எல்லாக் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதை ஒரு கவரில் போட்டு மாடல் பெயரை எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் டிஸ்க்கை மாட்டாமல் சப்ளையை ஆன் செய்து மல்டிமீட்டரை வையுங்கள்: சாட்டா முனையின் 15 பின்களில் 7 முதல் 9 வரை 5 வோல்ட், 13 முதல் 15 வரை 12 வோல்ட் காட்டவேண்டும்.

மோலெக்ஸிலிருந்து சாட்டா அடாப்டர்

மோலெக்ஸ் எனும் பழைய நாலு பின் முனையைச் சாட்டாவாக மாற்றும் இந்த அடாப்டரில், முனையைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய வகை வேண்டாம். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். தம்பி சாயங்காலம் வாங்கி வந்தது அதைத்தான்.

இரண்டாவது ரூட்டர்

பழைய ரூட்டரை லேன் போர்ட்டில் மாட்டி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி) ஆக்கும்போது, அதன் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்கு ஐபி எனும் நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு, அதன் சொந்த ஐபியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டும் போட்டி போட்டு ஐபி கொடுக்கும், "நெட் வரல" என்று வீட்டில் பாதிப் பேர் கத்துவார்கள்.

உப்பிய மொபைல் பேட்டரி

ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.