உள்ளங்கை அரித்தால் பணம் வராது

இங்கிலாந்தில் கர்ப்பம் உறுதியானதும் மிட்வைஃபிடம் பதிவு செய்துவிடுங்கள். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது நல்லது. 12ஆம் வார ஸ்கேன், 20ஆம் வார ஸ்கேன், மருந்துக்குக் காசு கட்டாமலிருக்கச் சான்றிதழ், எல்லாம் அவரே சொல்லிவிடுவார். சிக்கல் இல்லையென்றால் டாக்டர் முகத்தையே பார்க்காமல் பிள்ளை பெறலாம். "நர்ஸ்தானே" என்று மிட்வைஃபை இளக்காரமாக எண்ணாதீர்கள். பிரசவம் பார்ப்பவரே அவர்தான்.

நான் மாட்டிக்கொண்டது வேறிடத்தில். 31ஆம் வாரம் வீட்டிலேயே வளைகாப்பு. அன்றிரவு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. சந்தனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் தோழி. "பணம் வரப்போகிறதடி" என்று வீடியோவில் அம்மா சிரித்தார். அத்தை தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. ஆனால் இரவெல்லாம் பாதத்தைக் குளிர்ந்த சுவரில் தேய்த்தபடி கிடந்தேன். அடுத்த சந்திப்பில் மிட்வைஃப் "எல்லாம் சரிதானே?" என்றார். பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டேன். பிறகு கணவர் போன் செய்தார். என் "தாங்க முடியவில்லை" அவர் வாயில் "கொஞ்சம் அரிக்கிறது" ஆனது. க்ரீம் தடவச் சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் போயிற்று. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா என் கையைப் பார்த்த இரவே ஆஸ்பத்திரிக்குத் துரத்தினார்.

கோளாறு தோலில் இல்லை, ஈரலில். பித்தநீர் சரியாக வடியாமல் பித்த அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது. பிரிட்டனில் சுமார் 140 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருகிறது. நம் துணைக்கண்டத்துப் பெண்களிடம் இன்னும் அதிகம். அந்த அமிலத்தின் அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. அதனால் 35, 36 வாரத்திலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். எனக்கு 112. 36ஆம் வாரம் மகள் பிறந்தாள். இப்போது மூன்று வயது, வீட்டை இரண்டாக்குகிறாள்.

மகப்பேற்றுப் பிரிவின் 24 மணிநேரத் தொலைபேசி எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். "அரிப்பு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால், இரவில் அதிகம், தடிப்பு இல்லை என்று சொல்லிப் பித்த அமில இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும், இரத்தம் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசில்லை. கணவர் வேண்டாம்.

பிரசவப் பையில் பருப்புப்பொடி வைக்க மறக்காதீர்கள். ஊரில் பூண்டுக் குழம்பும் பத்தியமுமாகத் தாங்குவார்கள். பெற்றெடுத்த களைப்பில் எனக்குக் கிடைத்தது ஆறிப்போன இரண்டு துண்டு டோஸ்ட்.