ஒன்ராறியோவில் தகனத்துக்கு முன் எடுக்க வேண்டிய அனுமதிகள்

ஊரில் ஒருவர் காலையில் கண்ணை மூடினால் மறுநாளே சுடலைக்குக் கொண்டுபோய்விடுவோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வேகம் நடக்காது. புதிதாக வந்த குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அனுமதிகள் வருவதற்கு முன் தகன நாளை அறிவிக்காதீர்கள். இலண்டனிலும் பாரிஸிலும் உள்ள உறவுகள் உடனே டிக்கெட் எடுத்துவிடுவார்கள். பிறகு நாள் தள்ளிப்போனால் துக்கத்தோடு இந்த அலைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வேண்டியது மருத்துவ மரணச் சான்றிதழ், அதாவது படிவம் 16. மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மருத்துவர். இறுதிக்கட்ட நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறீர்களா? உயிர் பிரிந்தபின் யாரை அழைப்பது, யார் வந்து கையெழுத்திடுவார் என்று இப்போதே பராமரிப்புக் குழுவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் பதற்றத்தில் அவசர எண் 911-ஐ அழைத்தால் அம்புலன்சும் பொலிஸும் வந்து நிற்கும்.

அடுத்தது இறந்தவரின் விவரங்களைப் பதியும் மரண அறிக்கை, அதாவது படிவம் 15. இதை உங்களோடு இருந்து நிரப்புவது மலர்ச்சாலைக்காரர், அதாவது இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிலையத்தார். இறந்தவரின் பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிறது. ஒருவருக்குத் தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருக்கும், வங்கிக் கணக்கில் முதற்பெயராக இருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். கடவுச்சீட்டையோ நிரந்தர வதிவிட அட்டையையோ மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். அழுது களைத்திருக்கும் மூத்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்காமல், நிதானமாக இருக்கும் மருமகனையோ மருமகளையோ கூட அனுப்புங்கள். இதில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பின்னால் காப்புறுதி, ஓய்வூதியம், ஊரில் உள்ள காணி என்று எல்லா இடத்திலும் இழுபடும்.

இந்த இரண்டு படிவங்களையும் மலர்ச்சாலையினர் மாநகர அலுவலகத்தில் பதிந்து அடக்க அனுமதிப் பத்திரம் எடுப்பார்கள். எரிப்பதற்கும் இதே பத்திரம்தான்.

தகனத்துக்கு இதற்கு மேல் ஒன்று வேண்டும். அது கொரோனரின், அதாவது மரண விசாரணை அதிகாரியின், தகனச் சான்றிதழ். புதைத்த உடலைத் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், எரித்த உடலைப் பார்க்க முடியாது. அதனால் எரிப்பதற்கு முன் மரணக் காரணத்தைக் கொரோனர் ஒருமுறை சரிபார்க்கிறார். அதற்கான கட்டணம் மலர்ச்சாலைப் பில்லில் வரும். இயற்கை மரணம் என்றால் சிக்கல் இராது. ஆனால் வயதான அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தால், அது விபத்தோடு தொடர்புள்ள மரணம். கொரோனர் விசாரிப்பார், பிரேத பரிசோதனையும் கேட்கலாம். அதை யாரும் உங்கள் மேல் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடலை இலங்கைக்கோ இந்தியாவுக்கோ அனுப்புவதானாலும் கொரோனரின் சான்றிதழ் வேண்டும்.

தகனத்துக்குச் சம்மதம் தெரிவித்துக் குடும்பத்தில் யார் கையெழுத்திடுவது என்பதில் சில வீடுகளில் சண்டை வருகிறது. உயில் இருந்தால் அதில் நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கே முதல் உரிமை. கொள்ளி வைக்கும் மகன் என்பதால் மட்டும் சட்டம் அவரை முன்னுக்கு வைக்காது.

இறந்தவருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் மலர்ச்சாலைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது உலையில் வெடிக்கும், ஆகவே முன்னரே அகற்றிவிடுவார்கள். விலைப்பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது அவர்கள் கடமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம் சாம்பல். ஆளில்லாத அரச நிலத்திலும் அரசுக்குரிய ஏரி, ஆற்றிலும் கரைக்கத் தனி அனுமதி தேவையில்லை. மாநகரப் பூங்கா என்றால் மாநகரத்திடம் கேட்க வேண்டும், தனியார் காணி என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். பூவோடு வரும் பிளாஸ்டிக்கையும் நூலையும் தண்ணீரில் விடாதீர்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு ஊருக்குக் கொண்டுபோவதானால் மரணச் சான்றிதழையும் தகனசாலை தரும் தகனச் சான்றிதழையும் கைப்பையில் வையுங்கள். சாம்பலை மரம், கெட்டி அட்டை, பிளாஸ்டிக் போன்ற பெட்டியில் வாங்குங்கள். விமான நிலைய எக்ஸ்ரே உலோகக் கலசத்தை ஊடுருவாது, அதிகாரிகள் அதைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள், உள்ளே விடவும் மாட்டார்கள்.