எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேதபாடம் போதும்

வீட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோர், இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள் என்று பிரித்து ஆளுக்கொரு வேதபாடப் புத்தகம் வாங்க வேண்டாம். ஒரே பகுதியை எல்லாருக்கும் சேர்த்து வாசியுங்கள். பிறகு வேதாகமத்தை மூடிவிட்டு, ஒவ்வொருவரையும் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்திலுள்ள நல்ல சமாரியன் உவமை என்றால், ஒரு பிள்ளை எரிகோவுக்குப் போகும் வழியை வரையட்டும், இன்னொரு பிள்ளை நடித்துக் காட்டட்டும். பார்க்காமல் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கற்றல் பாணிக்கேற்பப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, 2008இல் வெளிவந்த உளவியல் ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறியது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முயற்சியோ, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட ஆழமாகப் பதிகிறது. உவமையில் அடிபட்டவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனையும் லேவியனையும் பிள்ளை மறந்துவிட்டால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

வசனத்தை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்ய இது போதாது. கணக்குக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவதற்கும் பொருந்தாது. அங்கே பிள்ளையின் நிலையறிந்து தனித்தனியாகத்தான் நடத்த வேண்டும். பார்வை, செவித்திறன், வாசிப்பு ஆகியவற்றில் குறைபாடு தெரிந்தால், அதைக் கற்றல் பாணி என்று எண்ணி நாளைக் கடத்தாதீர்கள். உரியவரிடம் உடனே காட்டுங்கள்.