கூசி பிரபுக்களின் வம்சாவளியை வரைவது எப்படி?

வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் செல்வாக்குடன் விளங்கிய கூசி பிரபுக்களின் வம்சாவளியை வரையும்போது, பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொருவருக்கும் பெற்றோர், மனைவி, இறந்த ஆண்டு ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஏனெனில் ஆங்கெராண்ட் என்ற ஒரே பெயரில் ஏழு பிரபுக்கள் இருந்தனர்.

1311-இல் நான்காம் ஆங்கெராண்ட் பிள்ளையின்றி இறந்ததும், உரிமை அவருடைய சகோதரி ஆலிஸின் மகனுக்குச் சென்றது. இவர் தந்தைவழியில் கீன் குடும்பத்தவர் என்பதால், இந்த இடத்தில் நேர்க்கோட்டை நிறுத்தி, தாய்வழி இணைப்பாகக் காட்டுங்கள். பெண்களைக் குறிக்காத அட்டவணைகள் பெரும்பாலும் இங்கேதான் பிழைபடுகின்றன.

சொத்து கைமாறியதைத் தனியே குறித்து வையுங்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை 1365-இல் மணந்த ஏழாம் ஆங்கெராண்ட், ஒட்டோமான் துருக்கியருக்கு எதிரான நிக்கோபோலிஸ் போரில் சிறைப்பட்டு 1397-இல் துருக்கியின் பூர்சா நகரில் இறந்தார்; 1400-இல் அவருடைய மகள் மரீ, கூசியை ஓர்லியான் கோமகன் லூயிக்கு விற்றார்.