இங்கிலீஷ் 'ரன்': எங்க ஓடும், எங்க நடக்கும், எங்க நிக்கும்

'ரன்'னா ஓடுறது, அவ்வளவுதான்னு விட்டுடாதீங்க. ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய டிக்ஷனரி ஆளுங்க வினைச்சொல்லா மட்டுமே அதுக்கு 645 அர்த்தம் எண்ணியிருக்காங்க, அதை யாரும் மனப்பாடம் பண்ண வேணாம். முதல்ல நம்ம 'ஓடு' அங்க பொருந்துதான்னு பாருங்க. மோட்டார் ஓடுது, பஸ் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, எல்லாத்துக்கும் யோசிக்காம 'ரன்' போடலாம். காலம் ஓடிடுச்சுங்கறது மட்டும் அப்படி வராது, அதுக்கு 'டைம் ஃப்ளைஸ்'.

நாம வேற வினை போடுற இடத்துலதான் மாட்டிக்கிறோம். நாம கடை நடத்துறோம், அவங்களுக்கு அதுவும் 'ரன் எ ஷாப்'. நாம தேர்தல்ல நிக்கிறோம், அமெரிக்காவுல 'ரன் ஃபார் பிரசிடென்ட்', பிரிட்டன்ல மட்டும் நம்மள மாதிரியே 'ஸ்டேண்ட்'. துணியில சாயம் போனாலும் 'ரன்', தாத்தா அப்பான்னு பரம்பரையா சுகர் வந்தா 'டயபடீஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி'. மூக்கு ஒழுகுறதுக்கு நம்மூர்ல சொல்ற 'ரன்னிங் நோஸ்' வெளிநாட்டுல 'ரன்னி நோஸ்', இன்டர்வியூ டெஸ்ட்னு போறவங்க இதை மாத்திக்கிட்டா நல்லது.

ரொம்ப ரொம்ப கவனிக்க வேண்டியது பின்னாடி ஒட்டுற குட்டி வார்த்தை. 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்'னா வாத்தியாரை வழியில எதேச்சையா பார்த்தேன், அதையே 'ரேன் ஓவர்'னு சொன்னா அவர் மேல வண்டிய ஏத்திட்டேன்னு ஆயிடும்! 'ரேன் இன்டு எ ட்ரீ'னா மரத்துல போய் மோதிட்டேன், அதனால பக்கத்துல ஆளா பொருளான்னும் பாத்துக்கங்க.

பெயர்ச்சொல்லா வந்தா கிரிக்கெட் ரன் எல்லாருக்கும் தெரியும். 'டிரை ரன்'னா ஒத்திகை, 'இன் த லாங் ரன்'னா போகப்போக. பேங்க் மேல நம்பிக்கை போய் எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தை எடுக்க ஓடுனா அது 'பேங்க் ரன்', 2007 செப்டம்பர்ல பிரிட்டன்ல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல கியூ நின்னுச்சே, அதான்.

கடைசியா டென்ஸ். ரன், ரேன், மறுபடியும் ரன். பால் தீர்ந்துடுச்சுன்னா 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்', அங்க 'ஹேவ் ரேன்' தப்பு.